யுவே மின்ஜுன்: ஒரு சிரிப்பு, ஆயிரம் பிரதிகள்

யுவே மின்ஜுன் என்ற பேரைக் கேள்விப்படாதவர்கள்கூட அந்த முகத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். ரோஸ் நிறத் தோல், ஒட்ட வெட்டின கறுப்பு முடி, இறுக்கி மூடின கண்கள், காதுவரைக்கும் திறந்த வாய், அதுக்குள்ளே ஒரு மனிதனுக்கு இருக்கவேண்டியதைவிட அதிகமான பற்கள். ஒரு படத்தில் அவன் தனியாக இருப்பான். இன்னொன்றில் அவனே இருபது பேராக வரிசையில் நிற்பான். எங்கே வைத்தாலும் அதே சிரிப்புதான். அந்த முகம் ஓவியருடைய சொந்த முகம்.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு, 1989க்குப் பிறகு வாய் திறக்க முடியாமல்போன ஒரு தலைமுறையின் கசப்புச் சிரிப்பு இது. இன்னொரு கட்சிக்கு, ஒரே ஒரு நல்ல ஜோக்கை முப்பது வருஷமாகத் திரும்பத் திரும்ப விற்கிற ஆசாமி இவர். இரண்டுமே பாதி சரி என்றுதான் எனக்குத் தோணுது. இரண்டு தரப்பும் பெரும்பாலும் அவருடைய பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்களை, அதிலும் ஏலத்தில் கோடிகளுக்குப் போனவற்றைப் பார்த்துப் பேசுகின்றன. அவருடைய அச்சுப் படங்களை, அதாவது கல்லச்சுகளையும் மரச்செதுக்குகளையும், யாரும் பெரிசாகக் கண்டுகொள்வதில்லை. அந்தச் சின்னக் காகிதங்களை நடுவில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது, யாரைக் குத்துகிறது என்று கொஞ்சம் தெளிவாகும். அதைத்தான் இந்தப் பதிவில் எழுதிப் பார்க்கிறேன்.

ஆள் யார்?

முதலில் சுருக்கமாக வரலாறு. யுவே மின்ஜுன் 1962இல் வடகிழக்குச் சீனாவில், ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் தாச்சிங்கில் பிறந்தவர். தாச்சிங் எண்ணெய் வயல் ஊர். மாவோ காலத்தில் "தொழிலில் தாச்சிங்கைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று நாடு முழுக்கச் சுவரெழுத்து போட்டார்கள். ஆக, பிரச்சாரச் சுவரொட்டிகளில் சிரித்துக்கொண்டிருந்த தொழிலாளி இருக்கிறானே, அவனுடைய ஊர்க்காரர் இவர். இவரும் எண்ணெய்த் துறையில் வேலை பார்த்தார். பிறகு ஹெபெய் நார்மல் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தார். படிப்பு முடிந்த வருஷம் 1989.

அந்த வருஷம் சீனக் கலை உலகத்தில் இரண்டு விஷயம் நடந்தது. பிப்ரவரியில் பெய்ஜிங்கின் தேசியக் கலைக்கூடத்தில் புதிய கலைஞர்களின் மாபெரும் கண்காட்சி திறந்தது. திறந்த அன்றைக்கே சியாவ் லூ என்ற கலைஞர் தன் சொந்தப் படைப்பைத் துப்பாக்கியால் சுட்டார், கண்காட்சியை மூடினார்கள். நாலு மாசம் கழித்து ஜூன் 4, தியானன்மென். பிப்ரவரியில் சுடப்பட்டது ஒரு கலைப்பொருள், ஜூனில் மனிதர்கள்.

பிப்ரவரிக் கண்காட்சியில் இருந்த படங்களில் ஒன்று கெங் ஜியான்யி 1987இல் வரைந்த 'இரண்டாம் நிலை'. நாலு பெரிய பலகைகளில் சிரிப்பால் கோணிப்போன மனித முகங்கள், வேறு எதுவும் கிடையாது. யுவேயின் சிரிப்புக்கு நேரடி மூத்தவர் இந்தப் படம்தான் என்பதில் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒத்த கருத்து. 1990களின் தொடக்கத்தில் யுவே பெய்ஜிங் யுவான்மிங்யுவான் பக்கத்துக் கலைஞர் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தார். 1995இல் போலீஸ் அதை மூடியது. கலைஞர்கள் பெய்ஜிங்குக்குக் கிழக்கே சோங்ஜுவாங் கிராமத்தில் குடியேறினார்கள்.

இந்தத் தலைமுறைக்கு விமர்சகர் லி சியான்டிங் ஒரு பேரு வைத்தார். சீனத்தில் 'வான்ஷி யதார்த்தவாதம்'. வான்ஷி என்றால் உலகத்தோடு விளையாடுவது, எதையும் பெரிசாக எடுத்துக்கொள்ளாத மனநிலை. மேற்கே அதை 'சினிக்கல் ரியலிசம்' என்று ஆக்கிவிட்டார்கள். சினிக்கல் என்றால் நமக்கு வெறும் அவநம்பிக்கைதான் ஞாபகம் வரும். மூலச் சொல்லில் இருக்கிற ஊதாரித்தனமும் குறும்பும் அதில் போய்விட்டன. யுவே அந்த முத்திரையைப் பெரிசாக மதித்ததில்லை.

அச்சில் திறந்த முதல் வாய்

இப்போ கொஞ்சம் பின்னால் போகணும். சீனாவில் மரச்செதுக்கு என்பது வெறும் ஒரு தொழில்நுட்பம் கிடையாது, அதுக்கு ஒரு அரசியல் பரம்பரை உண்டு. அந்தப் பரம்பரையைத் தொடங்கி வைத்தவர் ஒரு எழுத்தாளர்: லூ சுன்.

1931 ஆகஸ்டில் ஷாங்காயில் லூ சுன் ஒரு மரச்செதுக்குப் பயிற்சி முகாம் நடத்தினார். பதின்மூன்று மாணவர்கள். பாடம் எடுத்தவர் உச்சியாமா காகிச்சி என்ற ஜப்பானியர். லூ சுன் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். ஏன் மரச்செதுக்கு? செலவு குறைவு. ஒரு கத்தி, ஒரு பலகை, மை, காகிதம் போதும். ராத்திரி செதுக்கினால் காலையில் நூறு பிரதி. ஓவியம் ஒருவர் வீட்டுச் சுவருக்குப் போகும், அச்சு தெருவுக்குப் போகும்.

அவருக்கு மிகப் பிடித்த அச்சுக் கலைஞர் ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ். 1936இல், தான் சாவதற்குச் சில மாதங்கள் முன்னால், கோல்விட்ஸின் 21 படங்களைத் தொகுத்து வெளியிட்டார் லூ சுன். அதில் முதல் படம் என்ன தெரியுமா? கோல்விட்ஸின் சுயஉருவம். வாழ்நாள் முழுக்கத் தன் முகத்தையே வரைந்தும் செதுக்கியும் பார்த்தவர் அவர். ஊரின் துயரம் மொத்தமும் ஏறி உட்கார்ந்த ஒரு பெண் முகம். இந்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதுக்கு ஒரு வருஷம் முன்னால், 1935இல், குவாங்ஜோவின் லி ஹுவா செதுக்கிய படம் 'கர்ஜித்தெழு, சீனாவே!'. ஒரு நோட்டுப் புத்தகப் பக்கத்தைவிடப் பெரிசில்லை. நிர்வாணமான ஒரு மனிதன் கம்பத்தில் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறான். கண்களைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். வாய் முழுசாகத் திறந்து கத்துகிறான். கை கீழே கிடக்கிற கத்தியைத் தடவித் தேடுகிறது. நவீன சீனக் கலையில் அதிகம் அச்சான படங்களில் இதுவும் ஒன்று.

மூடிய கண், திறந்த வாய். இப்போ யுவேயின் முகத்தைப் பாருங்கள். மூடிய கண், திறந்த வாய்.

இதை யுவே வேணும்னே செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் அறுபது வருஷச் சரித்திரம் இடையில் நிற்கிறது. லி ஹுவாவின் மனிதனுடைய கண்ணை வேறு யாரோ கட்டினார்கள். யுவேயின் மனிதன் தானே மூடிக்கொள்கிறான். முதல் ஆளுக்குக் கயிறு இருக்கிறது, கத்தியும் இருக்கிறது. இரண்டாம் ஆளுக்குக் கயிறும் இல்லை, கத்தியும் இல்லை. அவனைக் கட்டிவைக்கத் தேவையே இல்லாமல் போய்விட்டது.

கர்ஜனை எப்போது சிரிப்பானது?

இடையில் நடந்ததுதான் சுவாரசியம். ஷாங்காயிலிருந்தும் குவாங்ஜோவிலிருந்தும் செதுக்குக் கலைஞர்கள் பலர் 1930களின் கடைசியில் கம்யூனிஸ்ட் தளமான யானான் போனார்கள். அவர்கள் கற்றிருந்தது கோல்விட்ஸ் பாணி. பாதி முகம் கன்னங்கறுப்பு நிழல், பாதி வெளிச்சம். கிராமத்து விவசாயிகளுக்கு அது பிடிக்கவில்லை. "இதென்ன, பாதி முகம் கறுப்பாக, யின்-யாங் முகமாக இருக்கிறது?" என்ற மாதிரி கேட்டார்கள். கு யுவான் போன்றவர்கள் நிழலை எடுத்துவிட்டு, நாட்டுப்புறப் புத்தாண்டுப் படங்களின் பாணியில் தெளிவான கோடு, வெளிச்சமான முகம் என்று செதுக்க ஆரம்பித்தார்கள். மக்களிடம் கற்றுக்கொண்ட நேர்மையான மாற்றம்தான் அது. படங்களும் அழகானவை. ஆனால் நிழல் போனதோடு சந்தேகமும் போய்விட்டது. முகத்தில் இருட்டு இருக்கக்கூடாது என்பது கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டமானது.

கலாச்சாரப் புரட்சி வந்தபோது அந்தச் சட்டத்துக்கு ஒரு வாய்பாடே இருந்தது: சிவப்பு, பிரகாசம், பளபளப்பு. தொழிலாளி, விவசாயி, சிப்பாய் எல்லோருக்கும் ஒரே சிவந்த கன்னம், ஒரே வெள்ளைப் பல்வரிசை. மாவோ இளைஞராக அன்யுவான் சுரங்கத்துக்குப் போகிற 1967ஆம் ஆண்டு ஓவியத்தை மட்டும் 90 கோடிப் பிரதிகள் அச்சிட்டதாகச் சொல்வார்கள். அச்சு தெருவுக்குப் போகணும் என்று லூ சுன் ஆசைப்பட்டார். போனது. வீட்டுக்குள்ளும் வந்தது. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே முகம்.

யுவேயின் பால்யம் முழுக்க அந்தச் சுவரொட்டிகள் நடுவில்தான். அவருடைய ரோஸ் நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்தச் சிவந்த கன்னத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், கிடைத்துவிடும். அவர் செய்தது ஒரே ஒரு காரியம். சுவரொட்டிச் சிரிப்பின் திருகை இன்னும் இரண்டு சுற்று இறுக்கினார். மகிழ்ச்சி அந்த அளவைத் தாண்டினதும் வலிப்பு மாதிரி ஆகிவிடுகிறது.

முகமே அச்சுக்கட்டை

இப்போ அவருடைய அச்சுப் படங்களுக்கு வருவோம். 2006இல் அவர் வெளியிட்ட கல்லச்சுத் தொகுதியின் பேரு 'ஸ்மைல்-இசம்ஸ்'. மொத்தம் 28 படங்கள். இசம்! மார்க்சிசம், லெனினிசம், மாவோயிசம் என்று இசம் கேட்டுக் கேட்டு வளர்ந்த நாட்டில் இது கடைசி இசம், சிரிப்பிசம். மற்ற இசங்களுக்குக் கொள்கை உண்டு, இதுக்குப் பல்வரிசை மட்டும்தான். தனித்தனித் தலைப்புகூட இல்லாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களாகப் போகிறது தொகுதி, ஏதோ கட்சித் தீர்மானங்கள் மாதிரி.

பெரிய கேன்வாஸில் இந்த முகம் உங்களைத் தாக்கும். மூன்று மீட்டர் அகலம், கண்ணைக் கூசும் நிறம், பின்னால் சிவப்புச் சுவர். பார்க்கிறவன் அந்த ஆர்ப்பாட்டத்திலேயே பாதி மயங்கிவிடுவான். கல்லச்சில் அந்த வசதி கிடையாது. காகிதம் சின்னது, கோடு மெலிசு. அந்தச் சிரிப்பு ஒரு விளம்பரப் பலகையில் இருந்து இறங்கி மேசைமேல் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் கண்ணைச் சுற்றி எவ்வளவு இறுக்கம் என்று தெரிகிறது. கண்ணிமை மூடவில்லை, பூட்டியிருக்கிறது. சிரிக்கிறவனுடைய கண்ணோரம் தளர்ந்து சுருங்கும் இல்லையா? இங்கே அது கொட்டும் மழையில் நிற்கிறவனின் கண் மாதிரி இருக்கிறது.

2008இல் 'புல்வெளி' வரிசை மரச்செதுக்குகள் வந்தன. அடர்ந்த புல், அதுக்கு நடுவில் அந்த உருவம். மரச்செதுக்கில் புல்லை ஒவ்வொரு கீறலாகச் செதுக்கி எடுக்கணும். அந்தப் பொறுமையான கோடுகளுக்கு நடுவில் இந்தப் பைத்தியக்காரச் சிரிப்பைப் பார்க்கும்போது மேலே சொன்ன பரம்பரை ஞாபகம் வராமல் இருக்காது. கோல்விட்ஸின் சுயஉருவத்தைக் கொண்டு தொடங்கின பாதை இந்தச் சுயஉருவத்தில் வந்து நிற்கிறது.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சுயஉருவம் என்றால் நாம் என்ன எதிர்பார்க்கிறோம்? 'நான்' என்கிற தனி ஆள். வேறு யாருக்கும் இல்லாத சுருக்கம், வேறு யாருக்கும் இல்லாத பார்வை. யுவே அதை அப்படியே தலைகீழாக்கினார். தன் முகத்தை ஒரு அச்சுக்கட்டையாகச் செய்து, அதை வைத்து ஆட்களை அச்சடித்துத் தள்ளினார். அவருடைய எண்ணெய் ஓவியங்களும் ஒரு வகையில் கையால் போட்ட அச்சுகள்தான். ஒரு நபரைப் பிரதியெடுக்க முடியாது, ஒரு வகை மாதிரியைத்தான் முடியும். "எங்களை அப்படித்தான் செய்தார்கள்" என்று அவர் சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன். அதைச் சொல்ல ஓவியத்தைவிட அச்சு பொருத்தமான ஊடகம். அச்சில் வடிவமே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

அதே தலைமுறையின் ஃபாங் லிஜுனோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். ஃபாங் முறையாக அச்சுக்கலை படித்தவர், 1989இல் பெய்ஜிங் மத்திய நுண்கலைக் கழகத்தில் முடித்தார். அவருடைய மொட்டைத்தலை உருவங்களும் ஒருவிதத்தில் அவரேதான். அவர் பிளைவுட் பலகைகளை மின்கருவியால் கீறி, சுவர் உயரத்துக்கு மரச்செதுக்குகள் அடித்தார். அவை கம்பீரமானவை. தண்ணீரில் தத்தளிக்கிற அந்த மொட்டைத்தலைக்கு முன்னால் நின்றால் பயம் வரும். வேலைத்திறன் என்று பார்த்தால் யுவே பக்கத்தில்கூட வரமாட்டார். ஆனால் ஃபாங்கின் ஆள் தத்தளிக்கிறான், அதனால் அவன்மேல் நமக்கு இரக்கம் வருகிறது. யுவேயின் ஆள்மேல் இரக்கம் வரவே வராது. அவன் அதுக்கு இடமே கொடுப்பதில்லை. நையாண்டி என்று பார்த்தால் யுவேயுடையதுதான் கொடூரமானது.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறான்?

நையாண்டி என்றால் ஒரு இலக்கு வேணும். ராஜாவை, மந்திரியை, பணக்காரனைக் கிண்டல் செய்யலாம். யுவே தன்னை மட்டும்தான் கிண்டல் செய்கிறார். இது பாதுகாப்பான வழி என்று சொல்லலாம், தன்னைத்தானே கேலி செய்கிறவன்மேல் யார் வழக்குப் போடமுடியும்? ஆனால் சீன இலக்கியத்தில் இந்த ஆளுக்கு ஒரு அண்ணன் இருக்கிறான். லூ சுன் 1921-22இல் எழுதின 'ஆ க்யூவின் உண்மைக் கதை'யின் நாயகன். எவன் அடித்தாலும் மனசுக்குள் தான்தான் ஜெயித்ததாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும் ஆ க்யூ. கடைசியில் செய்யாத குற்றத்துக்குக் கொல்லப்படுகிறான், சுற்றி ஒரு கூட்டம் வேடிக்கை பார்க்கிறது.

இந்தக் கதையை மனசில் வைத்துக்கொண்டு யுவேயின் மிகப் பிரபலமான ஓவியமான 'மரணதண்டனை'யை (1995) பாருங்கள். உள்ளாடையோடு நிற்கும் நாலு பேர், நாலு பேருக்கும் அவர் முகம், விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எதிரில் சுடுகிறவர்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை, இருப்பதுபோல் கையை மடக்கி நிற்கிறார்கள். வலது ஓரத்தில் அவர்கள் பக்கத்து ஆள் ஒருவன் நம்மைப் பார்த்துத் திரும்பிச் சிரிக்கிறான். பின்னால் பெய்ஜிங்கை ஞாபகப்படுத்தும் சிவப்புச் சுவர். 1989தான் தூண்டுதல் என்பதை யுவே மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சதுக்கத்தோடு மட்டும் கட்டிப்போட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

இந்த அமைப்பு பிரெஞ்சு ஓவியர் மானேயிடமிருந்து எடுத்தது. மெக்சிகோவின் பேரரசர் மாக்சிமிலியன் 1867இல் சுடப்பட்டதை மானே வரைந்தார். அதே காட்சியை ஒரு கல்லச்சாகவும் செய்தார். ஓவியம் ஒரு சுவரில் தொங்கும், கல்லச்சு ஊரெல்லாம் போய்விடும் அல்லவா? 1869இல் பிரெஞ்சு அதிகாரிகள் அந்தக் கல்லச்சை வெளியிடவிடாமல் தடுத்தார்கள். மானே செத்த பிறகுதான், 1884இல், அது வெளிவந்தது. பிரதிக்குத்தான் அரசு பயப்படும் என்பது பாரிஸிலும் ஒன்றுதான், பெய்ஜிங்கிலும் ஒன்றுதான்.

இந்த ஓவியத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. மானேயையும் கோயாவையும் தெரிந்த மேற்கத்திய வாங்குபவருக்குக் கைப்பிடி போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கிறது. பார்த்த உடனே புரிந்துவிடும், புரிந்த உடனே பர்ஸைத் திறக்கலாம். அப்படித்தான் ஆனது. 1990களில் சில ஆயிரம் டாலருக்குக் கைமாறின ஓவியம் 2007 அக்டோபரில் லண்டன் சோத்பி ஏலத்தில் சுமார் 59 லட்சம் டாலருக்குப் போனது. சமகாலச் சீன ஓவியங்களில் அன்றைக்கு அதுதான் உச்ச விலை. அடுத்த வருஷமே ஹாங்காங்கில் இவருடைய இன்னொரு ஓவியம் அதையும் தாண்டியது.

அந்தப் பழைய புகார்

அதுக்கப்புறம்தான் "ஒரே ஜோக்" புகார் வலுத்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2000க்குப் பிறகு வந்தவற்றில் நிறைய எனக்கு அலுப்புத் தட்டுகிறது. வான்கூவரின் இங்கிலிஷ் பே கடற்கரையில் 2009இல் இந்த முகத்தோடு 14 வெண்கலச் சிலைகள் வைத்தார்கள். 2012இல் ஒரு தொழிலதிபர் 15 லட்சம் டாலர் கொடுத்து அவற்றை ஊருக்கே நிரந்தரமாக்கினார். குழந்தைகள் அதன் கால்களுக்கு நடுவில் ஓடுகிறார்கள், சுற்றுலாப் பயணிகள் அதே மாதிரி வாயைத் திறந்து போட்டோ எடுக்கிறார்கள். ஊர் சந்தோஷமாக இருக்கட்டும் என்கிற வாழ்த்தோடு அது நிற்கிறது. ஷென்ஜென் பக்கத்தில் தாஃபென் என்ற ஊரில் உலக ஓவியங்களைக் கையால் நகலெடுத்து விற்கிறார்கள். அங்கேயும் இந்த முகம் மலிவாகக் கிடைக்கும்.

நையாண்டி பொம்மையாகிவிட்டதா? ஒரு பக்கம் ஆமாம். இன்னொரு பக்கம் யோசித்தால், பிரதியெடுக்கப்படுவதற்காகவே செய்த முகம் பிரதியாகிறது. வான்கூவரில் வாயைத் திறந்து போட்டோ எடுக்கிறவர் தனக்குத் தெரியாமலே அந்த வரிசையில் பதினைந்தாவது ஆளாகச் சேர்ந்துவிடுகிறார். அந்த அளவுக்கு யுவேயின் கணக்கு சரிதான். ஆனால் கணக்கு சரியாக வருவதும் படம் நன்றாக இருப்பதும் வேறு வேறு. அந்தச் சிலைகள் நல்ல படைப்பு என்று என்னால் சொல்லமுடியவில்லை. கண்ணோரத்தின் இறுக்கம் வெண்கலத்தில் காணாமல்போய்விட்டது. அது இல்லாவிட்டால் இது வெறும் சிரிக்கும் பொம்மை.

2023: சிரிப்பு மறுபடி குற்றமானது

இனி யாரும் இதைக் கண்டு கோபப்படமாட்டார்கள் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் 2023 மே மாதம் வந்தது. பெய்ஜிங்கில் ஒரு மேடை நகைச்சுவைக் கலைஞர், ராணுவத்தைப் புகழும் ஒரு வாசகத்தைத் தெருநாய்களோடு சேர்த்து ஜோக் அடித்தார். அவருடைய நிறுவனத்துக்கு அபராதமும் பறிமுதலுமாகச் சுமார் 1.47 கோடி யுவான் தண்டனை. அந்தச் சூட்டிலேயே இணையத்தில் சிலர் யுவேயின் பழைய படங்களைத் தோண்டி எடுத்தார்கள். ராணுவ உடையில் அந்த முகம் சிரிக்கிற படங்கள். ராணுவத்தைக் கேவலப்படுத்துகிறார், தண்டிக்கணும் என்று கூச்சல். இது சும்மா மிரட்டல் இல்லை. வீரர்கள், தியாகிகளின் மானத்தைக் காக்க 2018இல் ஒரு சட்டம் வந்தது, 2021இல் அது குற்றவியல் சட்டத்திலும் ஏறி மூன்று வருஷம்வரை சிறை என்றானது.

எனக்கு இதில் கவனிக்கத் தோணுவது ஒன்று. மாவோ காலத்துச் சுவரொட்டியில் சிப்பாய் சிரித்தான், அது தேசபக்தி. யுவேயின் படத்தில் அதே உடையில், அதே பல்லோடு சிரிக்கிறான், அது அவமதிப்பு. இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? சிரிப்பின் அளவு மட்டும்தான். எந்த அளவுவரை சிரிக்கலாம் என்பதை அரசு தீர்மானிக்கிற இடத்தில், அதைத் தாண்டி ஒரு இஞ்ச் வாயைத் திறப்பதே நையாண்டி. அவரைப் பொம்மை விற்கிறவர் என்று ஒதுக்கிவைத்த நம் விமர்சகர்களைவிட, அவரைத் தண்டிக்கச் சொன்ன அந்தக் கோபக்காரர்கள்தான் படத்தைச் சரியாகப் படித்திருக்கிறார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

முகம் இல்லாத படங்கள்

கடைசியாக, எனக்கு மிகப் பிடித்த யுவே. இதில் சிரிப்பே கிடையாது.

2000களின் தொடக்கத்தில் அவர் பிரபலமான ஓவியங்களிலிருந்து மனிதர்களை அகற்றி, மிச்சத்தை மட்டும் வரைந்தார். டாவிட்டின் 'மாராவின் மரணம்', குளியல் தொட்டி இருக்கிறது, மாரா இல்லை. அதே மாதிரி 2001இல் டோங் சிவெனின் 'தேசத் தொடக்க விழா'. 1949 அக்டோபர் 1 அன்று தியானன்மென் மேடையில் மாவோ மக்கள் குடியரசை அறிவிக்கிற காட்சி, ஒவ்வொரு சீனக் குழந்தையும் பாடப்புத்தகத்தில் பார்த்த படம். யுவேயிடம் சிவப்பு விளக்குகள் இருக்கின்றன, கம்பளம் இருக்கிறது, பூந்தொட்டிகள் இருக்கின்றன. மேடையில் ஒருத்தரும் இல்லை.

இதன் குத்தல் புரிய மூல ஓவியத்தின் கதை தெரியணும். டோங் அதை 1953இல் முடித்தார். அப்புறம் காவ் காங் பதவி இழந்தார், படத்திலிருந்து அவரை அழிக்கச் சொன்னார்கள், அழித்தார். கலாச்சாரப் புரட்சியில் லியு ஷாவ்ச்சி விழுந்தார், அவரையும் அழித்தார். இன்னும் ஒருவரை எடுக்கவேண்டி வந்தபோது டோங் சாகக் கிடந்தார், அதனால் வேறு ஓவியர்கள் முழுப் படத்தையும் நகலெடுத்து அதில் மாற்றினார்கள். மாவோ காலம் முடிந்த பிறகு, விழுந்தவர்கள் மறுபடி படத்துக்குள் வந்தார்கள். யுவே செய்தது, கட்சி ஒவ்வொருவராகச் செய்த வேலையை ஒரே மூச்சில் செய்து முடித்தது. எல்லோரையும் எடுத்துவிட்டார். யாரையும் திட்டவில்லை, யாரையும் கோரமாக வரையவில்லை. இதைவிடக் கூர்மையான நையாண்டியை அவர் செய்ததில்லை.

இதையும் ஒரு சுயஉருவம் என்றே நான் எண்ணுகிறேன். ஒரே ஆளை ஆயிரம் தடவை அச்சடிப்பதும் இருந்த ஆளைத் துடைத்து எடுப்பதும் ஒரே அச்சகத்தின் இரண்டு வேலைகள். இரண்டிலும் தனி மனிதன் மிஞ்சுவதில்லை. யுவே இரண்டையும் கற்றுக்கொண்டு, முதலாவதைத் தன் முகத்திலும் இரண்டாவதைத் தேசத்தின் படத்திலும் செய்து காட்டினார்.

யுவேயைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை: ஏல விலைப் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் லி ஹுவாவின் 1935 மரச்செதுக்கைத் தேடி எடுத்துப் பாருங்கள். அடுத்து ஏதாவது ஒரு கலாச்சாரப் புரட்சிச் சுவரொட்டி. மூன்றாவதாக 'ஸ்மைல்-இசம்ஸ்' தொகுதியில் ஒரு கல்லச்சு, அதில் வாயை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் பாருங்கள். கடைசியாக அந்தக் காலி மேடை. இந்த வரிசையில் பார்த்த பிறகும் "ஒரே ஜோக்" என்று தோன்றினால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், பேசுவோம்.